விருந்தாளியாக வந்த குரல்

மெல்லிய கிதார் மீட்டலோடுதான் 'சாலிட்யூட்' பாட்டு தொடங்கும். யோஹான் லாங்க்விஸ்டின் குரல் அதன்மேல் தனியாக வந்து நிற்கும். பிறகு மொத்தப் பாரமும் ஒரேயடியாக இறங்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்த இடம் வந்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிடுகிறேன்.

அந்தப் பாட்டு இருப்பது ஸ்டாக்ஹோமின் கேண்டில்மாஸ் குழு 1986-இல் வெளியிட்ட முதல் ஆல்பமான 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்'-இல். நண்பன் ஒருவன் கேசட்டில் பதிந்து தந்தான். பாடியது யார் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அந்தக் குரலுக்கு ஒரு முகத்தை நானே வைத்துக்கொண்டேன்.

எங்கள் காதுகள் அப்போது வேகத்துக்குப் பழகியிருந்தன. ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பமும் அதே வருடம்தான். பத்துப் பாட்டும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேண்டில்மாஸில் முக்கால் மணி நேரத்துக்கு ஆறே பாட்டு. ஒரு ரிஃப் முடிந்து இன்னொன்று வருவதற்குள், அடியில் கிடந்ததெல்லாம் மனதில் மேலே வந்துவிடும்.

இந்த நிதானத்தைக் கேட்கும்போதெல்லாம் பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் விரல்களை நினைத்துக்கொள்வேன். பர்மிங்ஹாம் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கை விரல் இரண்டின் நுனிகளை இழந்தவர், பிறகு தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். பிளாக் சபாத்தின் கனமான ஓசையில் அந்தத் தளர்வுக்கும் பங்கு உண்டு. கேண்டில்மாஸின் பாட்டுகளை எழுதிய பேஸ் கலைஞர் லெய்ஃப் எட்லிங் அந்த ஓசையில் ஊறியவர்.

லாங்க்விஸ்ட் அப்போது குழுவில் சேரவே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அழைத்தார்கள், வந்து பாடினார், போய்விட்டார். ஆல்பம் விற்காததால் பிரெஞ்சு நிறுவனமான பிளாக் டிராகனும் குழுவைக் கைவிட்டது. மறுவருடம் துறவி அங்கியோடு மெஸ்ஸையா மார்கோலின் பாடகராக வந்தார், 'நைட்ஃபால்' ஆல்பம் வெளியானது. மார்கோலினுடையது அரங்கை நிறைக்கும் குரல், அதையும் விரும்பித்தான் கேட்டேன். ஆனால் லாங்க்விஸ்ட் துயரத்தைப் பாடிக் காட்டுவதில்லை. அதற்குள்ளிருந்தே பேசுகிறார். 'சாலிட்யூட்' அவருடையதுதான்.

2011-இல் நெதர்லாந்தின் ரோட்பர்ன் விழாவில் முதல் ஆல்பம் முழுவதையும் அவரே மேடையில் பாடினார். 2018-இல் குழுவுக்கே வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் 'தி டோர் டு டூம்' ஆல்பம். அதில் 'அஸ்டோரோலஸ்' பாட்டுக்கு நடுவே வரும் தனிக் கிதார், அயோமியுடையது! எட்லிங் எழுத, அயோமி வாசிக்க, லாங்க்விஸ்ட் பாடுகிறார். குரலில் வயதின் கரகரப்பு ஏறியிருக்கிறது. எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது.