முப்பத்துமூன்று ஆண்டு பிந்திய சுற்றுலா

விழா மலருக்குக் கல்லூரி நாள்களைப் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, அங்கு நிகழ்ந்தவற்றினும், நிகழாது போன ஒன்றே என் நினைவில் முந்தி நின்றது. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

1983ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பிலே நாம் இருபத்திருவர் இருந்தோம். ஆகஸ்ட் விடுமுறையில் எம்மை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் செல்வதென எமது புவியியல் ஆசிரியர் முடிவு செய்திருந்தார். ஆறில்லாத குடாநாட்டிலே பிறந்த எமக்கு, ஆறு பிறக்கும் இடத்தைக் காட்டுதல் வேண்டுமென்பது அவர் விருப்பம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டுவது அச்சமவெளி என்பதைக் கரும்பலகையிலே நீலச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார். பயணத் திட்டத்தை றோணியோவில் அடித்து ஆளுக்கொரு தாள் தந்தார். நாமும் தலைக்கு நாற்பது ரூபா கட்டினோம்.

ஜூலை இறுதியிலே நாடெங்கும் மூண்ட இனக் கலவரத்தை இம்மலரைப் படிப்போர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் நாற்பது ரூபாவையும் ஒவ்வொருவர் கையிலும் திருப்பித் தந்தார். "மலை எங்கும் போய்விடாது, பிள்ளைகள்" என்று மட்டும் சொன்னார். மலை போகவில்லை, நாமே போனோம். கனடா, இலண்டன், ஜேர்மனி, கொழும்பு என்று திக்கொருவராய்ச் சிதறினோம். சிலர் சென்ற இடத்தை இன்றுவரை அறியோம்.

2017 பெப்ரவரியிலே எம்முள் அறுவர் ஒன்றுகூட வாய்ப்புக் கிடைத்தது. தவறிய சுற்றுலாவை இப்பொழுதாவது நடத்துவோமென்று ஒருவர் தொடக்க, திட்டமிடும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அரச அலுவலகத்திலே கால அட்டவணைகளோடு காலங் கழித்தவனாதலால் நானும் உவந்து ஏற்றேன். நாலு நாளில் ஒன்பது இடங்கள்! ஹோட்டன் சமவெளி, ஹக்கலைப் பூந்தோட்டம், சீதாஎலிய, பண்டாரவளை, எல்ல, தியலும நீர்வீழ்ச்சி, சிவனொளிபாதமலை, கண்டி, பேராதனை. கால் மணி நேரங்கூட வீணாகாதவாறு அமைத்த அத்திட்டத்தை அறுவர்க்கும் அனுப்பிவைத்துப் பாராட்டை எதிர்பார்த்திருந்தேன்.

பாராட்டு வரவில்லை. கனடாவிலிருந்து வந்திறங்கிய நண்பன் ஒரு நாள் மாலை என் வீட்டு விறாந்தையிலே அமர்ந்து, தன் பணப்பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து விரித்தான். 1983ஆம் ஆண்டின் அதே றோணியோத் தாள். மை மங்கியிருந்தது, எழுத்து அழியவில்லை.

"மச்சான், மாஸ்டர் நாலு நாளுக்கு எத்தனை இடம் எழுதியிருக்கிறார் எண்டு பார்" என்றான்.

முதல் நாள்: நுவரெலியா சேர்தல், ஓய்வு. இரண்டாம் நாள்: சமவெளி. மூன்றாம் நாள் முற்பகல்: ஹக்கலை, சீதாஎலிய. மூன்றாம் நாள் பிற்பகல்: ஒன்றுமில்லை. நாலாம் நாள்: ஊர் திரும்பல். 'ஒன்றுமில்லை' என்பதையும் ஒரு நிகழ்ச்சியாக எண்ணி எழுதிவைத்த மனிதர் அவர்.

பின்னர் நண்பன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். அதற்கு முந்திய ஆண்டிலே அவனுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்திருந்தது. மெல்ல நடக்கலாம், மூச்சு வாங்கினால் நிற்கவேண்டும் என்பது வைத்தியர் கட்டளை. "நான் வாகனத்திலேயே இருக்கிறன், நீங்கள் போய்வாருங்கோ" என்றான். அட்டவணையிலே மணித்துளிகளை எண்ணிய நான், கூட வருவோரின் மூச்சை எண்ணவில்லையே என்று நாணினேன்.

அன்றிரவே என் திட்டத்தைக் கிழித்துவிட்டு ஆசிரியர் திட்டத்தை எடுத்துக்கொண்டேன். அதன் நுட்பம் அப்பொழுதுதான் விளங்கிற்று. யாழ்ப்பாணம் கடல்மட்டத்தை ஒட்டியது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும், சமவெளி 2,100 மீற்றருக்கு மேலும் உள்ளன. ஆங்கு ஒரு மூச்சிலே கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையிற் கிடைப்பதில் ஐந்தில் நாலு பங்களவே. ஆதலின் முதல் நாள் ஓய்வு சோம்பலன்று. உடம்புக்குத் தரும் தவணையாகும். முற்பகலிலேயே உலக முடிவை மூடுபனி மறைத்துவிடுவது வழக்கமாதலால், விடியுமுன் புறப்படுதலும் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆயினும் அதிகாலையிற் புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. கம்பளி உடையும், குடிநீரும், கட்டுச்சோறும் கொண்டுசென்றோம். பொலித்தீன் உள்ளே கொண்டுசெல்லத் தடை என்பதால் வாழையிலையிற் கட்டினோம்.

இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு வாயிலைக் கடந்தோம். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை வெள்ளையர் இதற்கு இட்டனர். சிங்கள மக்கள் மகா எலிய என்பர். நாம் மாணவராயிருந்த காலத்தில் இது காப்பிடமாக இருந்தது; 1988இல் தேசிய பூங்காவாயிற்று; 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. வெள்ளி நிறப் புல்வெளியிலே மரைகள் அச்சமின்றி மேய்ந்தன. காற்றுக்குக் குனிந்து குனிந்தே வளர்ந்த குறுமரங்களின் பாசியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகிலைப் பிடித்து ஆறாக்கும் தொழில் அதுவெனப் பின்னால் வந்த நண்பன் ஆசிரியர் குரலிலே சொன்னான். சொல்லி நின்றான், மூச்சு வாங்கிற்று. நாமும் நின்றோம்.

சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். சிறிய உலக முடிவு மூன்று கிலோமீற்றருக்குள் வரும். அவ்விடத்தை அடைய எமக்கு ஒன்றரை மணிக்கு மேலாயிற்று. வானம் துலங்கியிருந்தது. காலடியிலே பள்ளம், கீழே தேயிலைச் சரிவுகள், அப்பால் நீலமேயான தென்புலம். நண்பன் பாறையொன்றில் அமர்ந்து அந்தத் தாளை மறுபுறம் திருப்பினான். ஆங்கு எம் இருபத்திருவர் பெயரும் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ஆசிரியர் இடாப்புக் கூப்பிடும் முறையிலே ஒவ்வொன்றாய் வாசித்தான். ஆறு பெயர்க்கு விடை வந்தது. ஏனைய பெயர்களுக்கு அவன் சற்றே நிறுத்தி, பின் அடுத்ததற்குச் சென்றான். ஒருவரும் பேசவில்லை.

"இனி நான் இருக்கிறன். நீங்கள் பெரிய முடிவையும் பாத்து வாருங்கோ" என்றான். ஒருவரை அவனோடு இருத்தி நால்வர் சென்றோம். ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாய் விழும் அப்பெரும் பள்ளத்தின் விளிம்பை அடைந்தபோது மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. முகில் எமக்கு முன்னரே வந்துவிட்டது. வெள்ளைச் சுவரொன்றின் முன் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

"என்ன கண்டீர்கள்?" என்று அவன் கேட்டான். "ஒன்றுமில்லை" என்றேன். "அதைத்தானே மாஸ்டர் நாளைக்குப் பின்னேரம் போட்டவர், நீ இண்டைக்கே பாத்துவிட்டாய்" என்றான். சிரித்த சிரிப்பிலே அவனுக்கு மீண்டும் மூச்சு வாங்கிற்று. உண்மையில், எம் கண் நிறையக் கண்டது, அவன்பொருட்டு நின்ற இடத்திலேதான். பேக்கர் நீர்வீழ்ச்சியை விட்டுவிட்டு, வந்த வழியே மெல்ல இறங்கினோம்.

மறுநாட் பிற்பகல் திட்டப்படி ஒன்றும் செய்யவில்லை. நுவரெலியாவிலே தங்கிய வீட்டின் முற்றத்தில் அறுவரும் தேநீரோடு அமர்ந்து, முப்பத்துமூன்று ஆண்டுக் கதையைப் பேசினோம். அப்பயணத்தில் என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது அப்பிற்பகலே.

இன்று கல்லூரியிற் கற்கும் தம்பிமார் இதனைப் படிப்பின் அவர்க்கு ஒரு சொல். மலைக்குப் போகத் திட்டமிடுவீராயின் முதலிலே இடங்களை எழுதாதீர். உடன் வருவோர் பெயரை எழுதுங்கள். அவருள் மெல்ல நடப்பவர் யாரென்று கேட்டு, அவர் நடையை அளவாகக் கொள்ளுங்கள். போகும் நாளையும் தள்ளிவைக்காதீர். எம் ஆசிரியர் சொன்னவாறு மலை எங்கும் போய்விடாது. இருபத்திருவர் எப்போதும் இருபத்திருவராய் இருப்பதில்லை.