மூலஸ்தானத்துப் பைத்தன்

ஊன்ட்றொப் என்று சொன்னால் இந்தப் பக்கத்து வயதான ஜேர்மன்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது அம்மன் இல்லை, அணு உலை. தோரியம் கலந்த எரிபொருளை உருண்டை உருண்டையாகப் போட்டு எரித்த அந்த உலையை 1989 இல் மூடிவிட்டார்கள். எங்கட ஆட்களுக்கு ஊன்ட்றொப் என்றால் காமாட்சி அம்பாள்தான். ஹம் நகரத்தில் ஒரு நிலவறைக்குள் இருந்த அம்மனுக்கு 2002 ஜூலையில் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. 17 மீற்றர் கோபுரம். சுற்றிவரத் தொழிற்சாலைக் கொட்டகைகள், லொறிகள். கொஞ்சம் நடந்தால் கப்பல் போகும் கால்வாய், தீர்த்தம் அதில்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய தேர்த் திருவிழா அது. தேருக்கு இங்கே 20,000 சனம்வரை சேரும். பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். கச்சான் கடை, சர்பத் கடை, பறவைக் காவடி, இடையிலே வழிதெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட ஒரு பார்சல் வான். தேர் இழுக்க நேரம் கிடந்தது. மகள் செருப்பு விடும் இடத்துக்குப் பின்னால் புல்லில் இருந்து மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாணிவிழாவுக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டுமாம். எல்லாரும் பேச்சும் நடனமும் கொடுத்துவிட்டார்கள். இவள் தமிழில் நிரல் எழுதிக் காட்டப் போகிறாள். அதற்கு எழில் என்று ஒரு மொழி இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது ஓடுவதற்குப் பைத்தன் என்ற இன்னொரு நிரல்மொழி வேண்டும்.

ஐந்து நிமிடம் போயிருக்கும்.

“அப்பா, பைத்தன் உள்ளுக்கு இருக்கு. ஆனா என்னைத் தொட விடுதில்லை.”

எட்டிப் பார்த்தேன். “பிப் இன்ஸ்டோல் எழில்” என்று கொடுத்திருக்கிறாள். இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல், இதற்குள் நீ கைவைக்காதே என்ற கருத்தில் லினக்ஸ் நீளமாகப் பதில் சொல்லியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து நேரே பார்த்தால் மூலஸ்தானத்து விளக்குத் தெரிந்தது.

“சிரிக்காமல் பிள்ளைக்குச் சொல்லிக்குடுங்கோவன்” என்றா மனைவி.

சொல்லிக்கொடுப்பதென்றால் 1999 இலிருந்து தொடங்க வேண்டும். அப்போது நான் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. வகுப்புக்குப் போய்ப் படித்த டொச் கொஞ்சம், மிச்சமெல்லாம் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்ட டொச். ஒரு நாள் கடையொன்றில் செங்கல் பாரத்தில் ஒரு பெட்டி கண்டேன். பச்சோந்தி படம் போட்டது. நூர்ன்பேர்க் பக்கத்தில் 1992 இல் நாலு பேர் தொடங்கிய சூசே நிறுவனத்தின் லினக்ஸ். விலை நூறு மார்க்குக்கு மேல் போகவில்லை. அதே லினக்ஸை இணையத்தில் சும்மா இறக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தொலைபேசிக் கம்பியில் இழுத்திழுத்து எடுத்திருந்தால் அடுத்த தேர் வந்திருக்கும்.

பெட்டிக்குள் ஒரு கட்டு சீடி. அதோடு ஒரு புத்தகம். புத்தகம் என்றால் நாலு பக்க விளக்கத் தாள் இல்லை, தலையணைக்கு வைக்கக்கூடிய புத்தகம். வன்தட்டைப் பிரிப்பதிலிருந்து அச்சுப்பொறியை இணைப்பதுவரை முதலாம் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் போகும். சீடிகளில் சி மொழி, பேர்ள், பைத்தன் எல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் அதன் கைநூலும் அங்கேயே கிடந்தது. வேண்டாம் என்று விட்டாலொழிய எல்லாம் ஒன்றாய் வந்து இறங்கும்.

வேலை முடிந்து விடிய ஆறு மணிக்கு வந்து, படுக்க முதல் இரண்டு பக்கம் வாசிப்பேன். விளங்காத சொல்லுக்கு மேலே பெண்சிலால் தமிழ் எழுதுவேன். “ஷ்லைஃபெ” என்ற சொல் வந்தது. எனக்குத் தெரிந்த ஷ்லைஃபெ கேக் பெட்டியில் நாடாவால் கட்டும் பூமுடிச்சு. கணினிக்கும் பூமுடிச்சுக்கும் என்ன உறவு என்று மண்டையைக் குழப்பி, “முடிச்சு?” என்று கேள்விக்குறி போட்டு வைத்தேன். அடுத்த பக்கத்து உதாரணத்தை அடித்து ஓட்டிப் பார்த்தபோதுதான் அது ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யும் சுற்று என்று பிடிபட்டது. நாடாவும் வளைந்து வந்து தொடங்கிய இடத்தில்தானே சேருகிறது. அந்த விடியற்காலைச் சந்தோசத்தை இன்னும் மறக்கவில்லை. ஆசிரியர் இல்லை, கேட்க ஆளில்லை. மொழி, புத்தகம், இயந்திரம் மூன்றும் ஒரே மேசையில் இருந்தன.

எனக்கு முந்தியவர்களுக்கு இது இன்னும் இலகுவாக வாய்த்தது. 1982 இல் வந்த கொமடோர் 64 ஐ மின்சாரத்தில் போட்டால் நீலத் திரையில் 38911 பைற்று வெறுமையாக இருக்கிறது, தயார் என்று மட்டும் வரும். அந்தத் தயாரே பேசிக் மொழிதான். எழுதத் தொடங்க வேண்டியதுதான், எழுதுவது எப்படி என்று பெட்டிக்குள் ஒரு வழிகாட்டி. மைக்ரோசொப்டின் 1991 டொஸிலும் கியூபேசிக் இருந்தது, உதவிப் பக்கங்களோடு. யுனிக்ஸைப் பெற்றவர்களோ மொழியையும் கைநூலையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. முதல் கைநூலில் 1971 நவம்பர் 3 என்று திகதி கிடக்கிறது.

பிரிவு பிறகுதான் வந்தது. முதலில் பிரித்தது காசு என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சன் நிறுவனம் தன் சொலாரிஸ் இயங்குதளத்திலிருந்து சி மொழிமாற்றியை எடுத்துத் தனியாக விற்றது. ஆனால் பழைய பெயரில் ஒரு வெறும் கோது அதே இடத்தில் இருந்தது. கூப்பிட்டால், அந்த மொழிப் பொதி இங்கே பொருத்தப்படவில்லை என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். பிள்ளையார் இருந்த மாடத்தில் பிள்ளையாரை எடுத்துவிட்டு, எடுத்தாச்சு என்று அட்டை மாட்டின மாதிரி.

இரண்டாவதாகப் பிரித்தது இடநெருக்கடி. டெபியன் என்ற லினக்ஸில் பேர்ள் ஒரு பொதி, பேர்ளின் ஆவணம் வேறு பொதி. மொழி மட்டும் இருக்கும் இடத்தில் “பேர்ள்டொக்” என்று கேட்டால், ஆவணப் பொதியையும் பொருத்தினால்தான் இது வேலை செய்யும் என்று பதில் வரும். நான் பாண் தொழிற்சாலையை விட்டுக் கணினி பராமரிக்கும் வேலைக்குப் போன புதிதில் இந்தப் பதில் என்னை ஒரு முறை நன்றாக வாட்டியது. இரவு இரண்டு மணி, வெளி இணைப்பு இல்லாத சேர்வர், ஒரு நிரல் திகதியைப் பிழையாகக் கணக்கிடுகிறது. அந்தச் சேர்வரை மெலிதாக இருக்கட்டும் என்று ஆவணங்கள் இல்லாமல் அமைத்தவன் வேறு யாருமில்லை, நான்தான். வீட்டுக்கு வந்து பழைய சூசேயில் வாசித்துவிட்டுத் திரும்பப் போனேன்.

மூன்றாவது காரணம் கொள்கை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சைவ சித்தாந்தப் பட்டிமன்றம் பார்ப்பது போலிருக்கும். டெபியனை 1993 இல் தொடங்கிய இயன் மர்டொக் பிறந்தது இங்கே கொன்ஸ்ரன்ஸில். சுதந்திரம் என்றால் என்ன என்று எழுதி வைத்து, அதன்படி நடப்பவர்கள் அவர்கள். 2006 இல் வாக்கெடுத்தார்கள். மாற்றக் கூடாத பகுதிகள் உள்ள கைநூல் சுதந்திரமானதாகாது என்று முடிவு. அதனால் ஈமக்ஸ் என்ற மென்பொருள் உள்ளே இருக்க, அதன் சொந்தக் கைநூல் வெளிவீதிக்குப் போனது. அந்தக் கைநூலுக்கு அப்படி உரிமம் எழுதியவர்கள் யார் என்றால், சுதந்திர மென்பொருள் என்ற கொள்கைக்கே பிள்ளையார் சுழி போட்ட குனூ ஆட்கள். இரண்டு பக்கமும் பக்தர்கள். புத்தகம்தான் நடுவில் நின்றது.

இதையெல்லாம் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயிரம் சேர்வரில் ஆயிரம் புத்தகம் எதற்கு? ஆனால் ஒரு விஷயம் பிடிபட எனக்குக் கனகாலம் எடுத்தது. கொமடோரில் இருந்த பேசிக் எனக்காக, உங்களுக்காக, பொத்தானை அமத்தும் எந்தப் பொடியனுக்காகவும் வைத்தது. இன்றைய லினக்ஸுக்குள் இருக்கும் பேர்ளும் பைத்தனும் அப்படியில்லை, அவை இயங்குதளம் தனக்காக வைத்திருப்பவை. டெபியனில் புதுப் பொதி பொருத்தும்போது கேள்வி கேட்கும் பகுதி பேர்ளில் எழுதப்பட்டது. பேர்ளின் ஒரு சிறு துண்டு இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. இயந்திரம் தன் சமையலுக்கு வைத்த அடுப்பு அது. தன் அடுப்புக்குப் பக்கத்தில் சமையல் புத்தகம் எதற்கு வைக்கப்போகிறது? அப்பிள்காரர் வேறு வழியில் போனார்கள். 2022 மார்ச்சில் வந்த மக் ஓஎஸ் 12.3 இல் பழைய பைத்தனையே எடுத்துவிட்டார்கள்.

மகள் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு இந்தப் பழங்கதை வேண்டாம், எழில் வேண்டும். மேளச் சத்தம் கிட்ட வந்தது. வசந்த மண்டபத்திலிருந்து அம்மன் புறப்பட்டு வெளியே வந்தா.

“பிள்ளை, இப்ப வாறது ஆர்?”

“காமாட்சி.”

“அப்ப உள்ளுக்கு இருக்கிறது?”

“அதுவும் காமாட்சி.” கொஞ்சம் யோசித்தாள். “உள்ளுக்கு இருக்கிறவ வெளியால வரமாட்டா.”

வரமாட்டா. அட்டபந்தன மருந்து சாத்தி, அசையாமல் இருத்தியிருக்கிறது. கோயிலின் அத்தனை கிரியையும் அவவை வைத்துத்தான் நடக்கிறது. நீயும் நானும் போய்ப் பூவை மாற்றிவைத்தால் குழம்பிப் போகும். அதனால்தான் உற்சவர் இருக்கிறா. அதே அம்மன்தான். தோளில் ஏறுவா, தேரில் ஏறுவா, வெய்யிலில் நிற்பா, கால்வாய்க்கும் போவா. உன் கணினியில் இருக்கிற பைத்தன் மூலவர். உனக்கென்று ஒரு உற்சவரை எழுந்தருளப் பண்ணிக்கொள். அதற்குப் பெயர் மெய்நிகர் சூழல். அதற்குள் எழிலை வை, எதையும் வை, பிடிக்காவிட்டால் அந்த அடைவை அழித்துவிடு. மூலவருக்கு ஒன்றும் ஆகாது. நீ வாசிக்காமல் விட்ட அந்தச் செய்தியின் அடியிலேயே இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், விளக்கம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.

அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. சூழலுக்கு “உற்சவம்” என்று பெயர் வைத்துக் கட்டளையைக் கொடுத்தாள். சூழல் அமைக்கும் கருவி வேறொரு பொதியில் இருக்கிறது, முதலில் அதைப் பொருத்து என்று பதில் வந்தது. உற்சவரும் தனிப் பொதி! பொருத்துவதற்கு இணையம் வேண்டும். இருபதாயிரம் கைபேசிகள் ஒரே நேரத்தில் தேரைப் படம் பிடித்து அம்மாவுக்கும் மச்சானுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. எங்களுக்கு ஒரு பைற்றுக்கூடக் கிடைக்கவில்லை. எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, வட்டில் ஏன் ஆவணம் என்று கேட்கிறவர்களைத் தேர் அன்று இங்கே கூட்டிவர வேண்டும். மடிக்கணினியை மூடிவிட்டுத் தேர் வடம் பிடிக்கப் போனோம்.

அந்தக் கிழமையே வீட்டில் எல்லாம் சரிவந்தது. எழிலை முத்து அண்ணாமலை 2007 இல் தொடங்கினார். பைத்தனின் மேல் கட்டிய மொழி. அச்சிடுவதற்குப் “பதிப்பி”, வாக்கியக் கட்டை முடிக்க “முடி”. அவரும் என். சொக்கனும் சேர்ந்து எழுதிய “தமிழில் நிரல் எழுது” என்ற கைநூலும் உண்டு. மொழியைச் செய்துவிட்டு, விளங்கினவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று போகாமல் புத்தகத்தையும் சேர்த்துத் தந்தவர்கள். அதற்காகவே எனக்கு அவர்களில் ஒரு தனி மதிப்பு. வேலையிடத்தில் கேட்டு அதை அச்செடுத்து வந்து, சுருள் கம்பி போட்டுக் கொடுத்தேன். திரையில் வாசிக்கலாமே என்றாள். பெண்சில் எங்கே வைப்பாய் என்று கேட்டேன்.

போன மாதம் அலுமாரியை ஒதுக்கும்போது அந்தக் கட்டு கையில் அகப்பட்டது. ஓரமெல்லாம் டொச்சில் குறிப்பு. சுற்றுகளைப் பற்றிய இடத்தில் எழிலின் “வரை” என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறாள். நிபந்தனை ஒன்றைச் சொல்லி “வரை” என்று முடித்தால், அந்த நிபந்தனை உண்மையாக இருக்கும் மட்டும் சுற்று ஓடும். அவளுக்குத் தெரிந்த “வரை” ஐந்து மணி வரை, டோர்ட்முண்ட் வரை என்பது. ஆகவே முதலில் “பிஸ்” என்று எழுதியிருக்கிறாள். அதன்படி வாசித்தால் சுற்று தலைகீழாகிவிடும். ஓட்டிப் பார்த்திருப்பாள், பிழைத்திருக்கும். பிறகு அம்மம்மாவிடமோ யாரிடமோ கேட்டிருக்க வேண்டும், பக்கத்தில் சின்ன எழுத்தில் “உயிருள்ளவரை” என்று இருக்கிறது. “பிஸ்” வெட்டுப்பட்டு, மேலே “ஸோலாங்க” என்று இரண்டு தரம் அழுத்தி எழுதப்பட்டிருந்தது.