ஒரு கணினியிற் பல செவிகள்

ஒருவர் கூறப் பலர் கேட்டல் மூவகைப்படும். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கடிதம் எழுதி விடுத்தல் ஒருவகை. கோயில் மணி ஊர் முழுவதற்கும் ஒலித்தல் மற்றொருவகை. அதனை வேண்டுவாரும் வேண்டாதாரும் கேட்டே தீர்வர். ஒரு சங்கத்திற் பெயர் பதிந்தாரை மட்டும் நோக்கி ஒருமுறை கூற, அவரனைவரும் ஒருங்கே கேட்டல் மூன்றாம் வகை. கணினி வலையமைப்பிலும் இம்மூவகையும் உள. மூன்றாவதனை ஆங்கிலத்தில் மல்ரிகாஸ்ட் என்பர். யாம் இக்கட்டுரையில் அதனைக் குழுப்பரப்பு என வழங்குவோம்.

இதன் வரலாறு நெடியதன்று. அமெரிக்காவிலுள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீவ் டீரிங் என்பார் 1989ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட ஆர்.எப்.சி. 1112 என்னும் ஆவணம் இதற்கு விதி வகுத்தது. 224.0.0.0 தொடக்கம் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் எந்தத் தனிக் கணினிக்கும் உரியனவல்ல. அவை குழுக்களுக்கே உரியன. குழுவிற் சேர விரும்பும் கணினி தன் விருப்பை அறிவித்துச் சேரலாம், வேண்டாதபோது விலகலாம். அனுப்புவோன் தன்னைக் கேட்போர் எத்துணையர் என அறிய வேண்டுவதில்லை. 1992ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் சான் டியேகோ நகரிற் கூடிய இணையப் பொறியியலாளர் கூட்டத்தின் பேச்சொலி, இம்முறையால் மூன்று கண்டங்களிலிருந்த 20 இடங்களுக்குச் சென்றது. இன்று இணைய இணைப்பின் வழியே வீடுகளுக்கு வரும் தொலைக்காட்சிச் சேவைகள் பலவும் இதனையே கையாளுகின்றன.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இதனோடு யாது தொடர்பு என அன்பர் வினவலாம். 2022ஆம் ஆண்டை இந்நாட்டினர் எளிதில் மறவார். மார்ச் 31ஆந் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஜூன் மாதத்தில் எரிபொருள் இன்மையாற் கொழும்பு நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன. அக்காலத்தில், உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயின்ற எம் மாணவன் ஒருவன், தமிழ் மன்றத்தின் வினாவிடைப் போட்டிக்கென ஒரு செய்நிரலைப் பைதன் மொழியில் எழுதத் தொடங்கினான். நடத்துநர் வினாவை ஒருமுறை விடுத்தால், நான்கு அணிகளின் திரைகளிலும் அஃது ஒரே வேளையில் தோன்றுதல் வேண்டும். அதற்கு வேண்டுவன ஐந்து கணினிகள். அவனிடம் இருந்ததோ பழைய மடிக்கணினி ஒன்று. முகத்துவாரத்து மீன்பிடித் துறைமுகத்தில் நாட்கூலி பெறும் அவன் தந்தையார் கைமாறிய பொருளாக வாங்கிக் கொடுத்தது அது.

“சேர், ஐந்து கணினி கிடைக்கும் வரைக்கும் இதைச் சோதிக்க ஏலாதோ?” என்று அவன் தொலைபேசியில் எம்மைக் கேட்டான். கணினி கற்பிக்கும் நண்பரொருவரை யாம் துணைக்கழைத்தோம். ஒரு கணினியே போதுமென்றார் அவர். ஒரே கணினியில் ஐந்து சாளரங்களைத் திறந்து, ஒன்றில் விடுக்கும் செய்நிரலையும் ஏனைய நான்கிற் பெறும் செய்நிரலையும் இயக்கலாம் என்பது அவர் கூறிய வழி. ஆயினும் அவ்வழியில் மூன்று தடைகள் இருந்தன. அவற்றை ஈண்டு விரித்துரைத்தல் பிறர்க்கும் பயன்படும்.

முதலாவது துறை பற்றியது. செய்தி பெறும் ஒவ்வொரு செய்நிரலும் ஒரு துறை எண்ணிற் காத்திருக்கும். முதற் சாளரத்துச் செய்நிரல் 5007ஆந் துறையைப் பற்றிக்கொண்டமையால், இரண்டாவது அதே துறையை நாடியதும், முகவரி முன்னரே பயன்பாட்டில் உள்ளதெனக் கணினி மறுத்துவிட்டது. துறையைப் பற்றுமுன் ஒவ்வொரு செய்நிரலும் ‘ரீயூஸ் அட்ரஸ்’ என்னும் இசைவைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். சில பணிசெயல் முறைமைகளில் ‘ரீயூஸ் போர்ட்’ என்னும் இசைவும் வேண்டப்படும். இசைவு பெற்றபின், குழுவுக்கு வரும் பொதியின் படி ஒவ்வொன்று நான்கு செய்நிரல்களுக்கும் கிடைத்தது.

இரண்டாவது தடையை மின்வெட்டு கொணர்ந்தது. மடிக்கணினி மின்கலத்தால் இயங்கிற்று. வீட்டிலிருந்த வழிப்படுத்தியோ அணைந்துபோயிற்று. அவ்வளவில், வலையமைப்பை அடைய இயலவில்லை என்ற அறிவித்தல் தோன்றியது. குழு முகவரிக்குச் செல்லும் வழி எந்த இடைமுகத்தில் உள்ளதென்பதைக் கணினி அறியாமையே காரணம். ஒவ்வொரு கணினிக்கும் தன்னொடு தானே பேசுதற்கு 127.0.0.1 என்னும் உள் முகவரி உண்டு. விடுக்கும் செய்நிரலுக்கு அவ்விடைமுகத்தின் வழியே அனுப்பென்றும், பெறும் செய்நிரல்களுக்கு அவ்விடைமுகத்திலேயே குழுவிற் சேரென்றும் குறித்துச் சொல்லவே, வெளித்தொடர்பு சிறிதும் இன்றி எல்லாம் இயங்கின. இரு பக்கத்தாரும் ஒரே இடைமுகத்தைக் குறித்தல் வேண்டும் என்பதே இதன் உயிர்நிலை.

மூன்றாவது, தன் சொல்லைத் தானே கேட்டல் பற்றியது. விடுத்த பொதியின் படியொன்றைத் தன் கணினியிலுள்ளார்க்கும் திருப்பித் தருவது இயல்பாக அமைந்த வழக்கம். அதனை நிறுத்துதற்கும் ஒரு குறிப்பு உண்டு. லினக்ஸில் அக்குறிப்பு விடுப்போன் பக்கத்திலும், விண்டோஸிற் பெறுவோன் பக்கத்திலும் செயற்படும். இவ்வேறுபாட்டை அறியாதார் காரணமின்றி மயங்குவர். பொதி எத்துணைத் தூரம் செல்லலாம் என்பதற்கும் ஓர் எண் உண்டு. அது 1 ஆயின் உள்ளூர் வலையமைப்பைக் கடவாது. 0 ஆயின் கணினியை விட்டே வெளியேறாது. சோதனைக் காலத்தில் 0 என வைத்தலே அயலார்க்கு இடையூறு செய்யாத முறை. முகவரியையும் 239.255 எனத் தொடங்குவதாகத் தெரிந்தெடுத்தான். 1998ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி. 2365 அத்தொகுதியை உள்ளூர்ப் பயன்பாட்டிற்கென ஒதுக்கியுள்ளது.

மூன்று தடைகளையும் கடந்தபின், ஒரு வினா நான்கு சாளரங்களிலும் ஒருங்கே தோன்றியது. இனி ஒன்றுமில்லை என மகிழ்ந்த மாணவனை நண்பர் தடுத்து, இச்சோதனை எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என இரு நிரலாக எழுதுமாறு பணித்தார். செய்நிரல் குழுவிற் சரிவரச் சேருகின்றது, வினா பிழையின்றிச் செல்கின்றது, தமிழெழுத்துக்கள் சிதையாமற் சேருகின்றன என்பன முதல் நிரலில் அமைந்தன. இரண்டாம் நிரலே நீண்டிருந்தது. ஒரு கணினியினுள்ளே பொதி பெரும்பாலும் தொலைவதில்லை. கம்பியில்லா இணைப்பிலோ குழுப்பரப்புப் பொதி பெற்றுக்கொண்டமைக்குச் சான்று கேளாமலே விடுக்கப்படுவதாற் றொலைதல் மிகுதி. இடையிலுள்ள ஆளி குழுப் பொதிகளை எவ்வாறு பிரித்தனுப்பும், பிற கணினிகளின் தீச்சுவர் அவற்றை உள்ளே விடுமோ என்பனவும் அங்கு விளங்கா.

அவற்றுள் ஒன்றனை ஒரு கணினியிலேயே ஓரளவு சோதிக்கலாம். லினக்ஸிலுள்ள ‘நெற்எம்’ என்னும் கருவி, பத்துப் பொதிக்கு ஒன்று என்றாற்போல வேண்டுமென்றே பொதிகளைத் தொலைக்க வல்லது. அதனை இயக்கியவுடன் சில வினாக்கள் திரைகளில் வாராதொழிந்தன. போட்டியில் இவ்வாறு நிகழின் ஓரணி அநீதிக்குள்ளாகும் அன்றோ! ஆதலின் மாணவன் வினாக்களுக்குத் தொடரெண் இட்டு, இடையில் எண் விடுபடின் அதனை மீண்டும் கேட்டுப் பெறுமாறு செய்நிரலைத் திருத்தினான். ஐந்து கணினிகள் முதலிலேயே கிடைத்திருந்தால் இத்திருத்தம் நிகழ்ந்திராது என்பதே எம் எண்ணம்.

பாடசாலைகள் மீண்டும் திறந்தபின், இரவல் பெற்ற கணினிகளோடு செய்நிரல் அரங்கேறியது. முதன்முறை இரு திரைகள் வெறுமையாக நின்றன. மாணவன் கலங்கவில்லை. தன் இரண்டாம் நிரலை எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, அவ்விரு கணினிகளின் தீச்சுவரே தடையென அரைமணி நேரத்திற் கண்டுகொண்டான். செய்நிரலிற் பிழையில்லை என்பதை அவன் முன்னரே அறிந்திருந்தமையாற் றேடவேண்டிய இடம் குறுகிற்று. குற்றம் எங்கே இல்லை என்று துணிதல், எங்கே உளது என்று காண்டற்குப் பாதி வழியாகும்.

இதனை இம்மலரில் எழுதுதற்குக் காரணம் உண்டு. முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும், கருவியில்லை என்ற ஒரு சொல்லாற் கற்பதைக் கைவிடும் பிள்ளைகளை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஒரு கணினி உள்ளவன் வலையமைப்புக் கல்வியின் பெரும்பகுதியைத் தானே கற்கலாம் என்று அவர்க்கு உரைத்தல் எம் கடன். அதேவேளை, ஒரு கணினியே என்றும் போதும் என்று கூறி அவர் வறுமைக்கு அணி செய்தலும் முறையன்று. இரண்டாம் நிரலிற் பெரும்பாலானவை இரண்டாவது கணினியின்றித் தீரா.

ஆதலின் பழைய மாணவராகிய பெருமக்களை ஒன்று வேண்டுகின்றோம். தம் அலுவலகங்களில் ஒதுக்கப்பட்ட கணினி இரண்டும் சிறிய ஆளியொன்றும் தருவாராயின், பல மாணவர் அவ்விரண்டாம் நிரலையும் முடிப்பர். கடல் கடந்து இத்துறையிற் பணிபுரிவோர் மாதத்தில் ஒரு மணி நேரம் அவருடன் பேசுவாராயின் அது கணினியினும் பெரிய கொடையாகும். வாழ்க நம் கல்லூரி.