‘‘கரன்ட் விலையை விடுங்க அம்மிணி, கம்பி விலையைக் கேளுங்க!’’ - அன்னூரில் சார்ஜருக்குக் காத்திருந்த ஒரு மாலை

அன்னூருக்குள் நுழையும்போது மணி 5.40. காரின் திரையில் 17% என்று காட்டியது. சித்தப்பா ஏ.சி-யை அணைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ‘‘பெட்ரோல் வண்டியா இருந்தா இந்நேரம் சத்தி தாண்டியிருப்போம்’’ என்று பின்சீட்டில் இருந்த ஆத்தா மூன்றாவது தடவையாகச் சொன்னார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. அவர் வாங்கிய எலெக்ட்ரிக் காருக்கு வயது எட்டு மாதம்தான். இன்னும் பெருமை குறையவில்லை.

பொள்ளாச்சியில் இருந்து தாளவாடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் விடிகாலை நாலரை மணிக்குச் சித்தியின் அண்ணன் வீட்டுப் புண்ணியார்ச்சனை. ராத்திரி ‘ஃபுல் சார்ஜ்’ போட்டுக் கிளம்புவதுதான் திட்டம். ராத்திரி மறந்துபோனது. காலையில் போடலாம் என்றால், அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் மின்தடை. கிளம்பும்போது 58% இருந்தது. ‘‘வழியில போட்டுக்கலாம் கண்ணு, ஆப்ல எத்தனை எடம் காட்டுது பாரு’’ என்றார் சித்தப்பா.

ஆப் காட்டியது. அன்னூர் அருகே அது காட்டிய முதல் இடத்துக்குப் போனோம். ‘தயார்’ என்று பச்சைப் புள்ளி. நேரில் மெஷின் இருட்டாக நின்றது. பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர், ‘‘அது ஓடி ரொம்ப நாளாச்சுங். தெனமும் ரெண்டு பேரு வந்து பாத்துப்போட்டுத்தான் போறாங்க’’ என்றார்.

சாதாரண நாளாக இருந்திருந்தால் இது ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு ஒரு கேட் மூடும் நேரம் இருந்தது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் பண்ணாரி - காரப்பள்ளம் சாலையில், காட்டு விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. கனரக வாகனங்களுக்கு மாலை 6 மணியில் இருந்து, கார்களுக்கு இரவு 9 மணியில் இருந்து. அதன் பிறகு காலை 6 மணிக்குத்தான் திறக்கும். அதாவது, 9 மணிக்குள் பண்ணாரியைத் தாண்டாவிட்டால் புண்ணியார்ச்சனை எங்களை விட்டுவிட்டு நடந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. பண்ணாரியில் இருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள ஒரு காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிசிக்ஸ்தான். எங்கள் காரின் மொத்த பேட்டரியே 30 யூனிட். கையில் இருந்ததோ 5 யூனிட் சொச்சம்.

அன்னூரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவையில் இருந்து 30 கிலோமீட்டர். மன்னீஸ்வரர் கோயில், குளம், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கடைகள் என்று பார்வைக்குச் சாதாரண ஊர். ஆனால் சாலைகளின் கணக்கில் பெரிய ஊர். கோவையில் இருந்து சத்தி, திம்பம் வழியாகக் கர்நாடகா போகிற நெடுஞ்சாலையும், அவினாசியில் இருந்து மேட்டுப்பாளையம் போகிற சாலையும் இங்கேதான் குறுக்கே சந்திக்கின்றன. ஈரோடு, சேலம் பக்கத்தில் இருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் பலர் கோவைக்குள் நுழையாமல் இப்படித்தான் மலைக்குத் திரும்புகிறார்கள். மேற்கே போனாலும் மலை, வடக்கே போனாலும் மலை. மலை ஏறுவதற்கு முன் பேட்டரியை நிரப்பிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தப் பக்கம் கிடையாது.

இரண்டாவது சார்ஜர் ஒரு பேக்கரி வாசலில் இருந்தது. கொங்கு நாட்டில் நெடுஞ்சாலைப் பேக்கரி என்றால் தெரியும்தானே... கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன், வெளியே பிளாஸ்டிக் ஸ்டூல், எப்போதும் கொதிக்கும் பால். மெஷின் வேலை செய்தது. ஆனால் இருந்தது ஒரே ஒரு கன். அதில் சேலம் பதிவெண் கொண்ட கார் ஒன்று ஏற்கெனவே மாட்டியிருந்தது. இன்னும் 35 நிமிடம். அதன் பிறகு எங்களுக்கு 50 நிமிடம். உட்கார்ந்துவிட்டோம்.

பேக்கரிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் பத்திரிகையில் வேலை செய்கிறேன் என்று சித்தி சொல்லிவிட்டதால், கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார். சார்ஜர் அவர் போட்டது. கடன் வாங்கிப் போட்டது.

‘‘எல்லாரும் மெஷின் என்ன விலை, ஒரு யூனிட்டு எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க. கரன்ட் விலையை விடுங்க அம்மிணி, கம்பி விலையைக் கேளுங்க! ஈ.பி லைன் இழுக்கோணும், டிரான்ஸ்பார்மருக்குக் கட்டோணும், டெபாசிட் கட்டோணும். அதெல்லாம் பூமிக்கடியில போட்ட காசு. ஒரு நாளைக்கு ஆறு வண்டி வந்தாக் கட்டுபடியாகும். ஞாயித்துக்கெழமை வருது. மத்த நாள்ல ரெண்டு.’’

‘‘அப்புறம் எப்படிங்க நடத்தறீங்க?’’

எங்கள் மேஜையைக் காட்டினார். நான்கு டீ, மூன்று பன், ஆத்தாவுக்கு வர்க்கி. ‘‘இதுலதானுங். பன்னுதான் சார்ஜருக்குக் காசு கட்டுது.’’

எனக்கு அதுவரை புரியாத ஒன்று அங்கே புரிந்தது. பெட்ரோல் பங்கில் வண்டிக்கு ஐந்து நிமிடம். சார்ஜரில் ஒரு வண்டி ஒரு மணி நேரம் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே நல்ல நாளிலும் வருமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. வண்டி வராத நாளிலோ மெஷின் சும்மா நிற்க, வட்டி மட்டும் ஓடுகிறது. சார்ஜரின் உண்மையான செலவு மின்சாரம் அல்ல, அந்தச் சும்மா நிற்கும் நேரம். அதை யார் ஏற்பது?

சட்டப்படி யார் வேண்டுமானாலும் சார்ஜர் வைக்கலாம். மின் விநியோக உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே சொல்லிவிட்டது. பணமும் ஒதுக்கப்படாமல் இல்லை. 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 வேகச் சார்ஜிங் நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘பி.எம் இ-டிரைவ்’ திட்டத்தில் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய். கார்களுக்கு 22,100, பஸ்களுக்கு 1,800, இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400 சார்ஜர்கள் என்பது இலக்கு. தமிழ்நாடு அரசின் 2023 மின்வாகனக் கொள்கை, மின்வாகன நகரங்களாக வளர்க்கத் தேர்ந்தெடுத்த ஆறு ஊர்களில் கோவையும் ஒன்று.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர் ஒருவர் டீயைக் கீழே வைத்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ‘‘ஏனுங் அம்மிணி, பத்து லட்சம் குடுத்துக் காரு வாங்கறவருக்கு நாங்க எதுக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கித் தரோணும்?’’

சித்தப்பா வேறு பக்கம் பார்த்தார். கேள்வியில் நியாயம் இருந்தது. மின்காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு. ஜி.எஸ்.டி 5% மட்டும். பெட்ரோலில் போய்ச்சேரும் வரி எதையும் சித்தப்பா கட்டுவதில்லை. மொபெட்டில் கீரை கொண்டுபோகிறவர் ஒவ்வொரு லிட்டருக்கும் கட்டுகிறார்.

இந்த மண்ணில் மின்சாரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்த பிறகுதான் கோவையின் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகின. பம்ப்செட் மின்கட்டணம் பைசாக் கணக்கில் உயர்ந்ததற்கே இங்கே போராட்டம் வெடித்தது. 1970 ஜூனில் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரையே ஸ்தம்பிக்க வைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய நாராயணசாமி நாயுடுவின் ஊர், நாங்கள் வந்த வழியில் கோவில்பாளையம் பக்கத்தில் உள்ள வையம்பாளையம். விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990-ல். அவர் அப்போது உயிரோடு இல்லை.

பெரியவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பேக்கரிக்காரர்தான் சொன்னார். ‘‘அண்ணா, அத்திக்கடவுத் தண்ணிக்கு யாரு காசு போட்டாங்க? நீங்களா?’’

அத்திக்கடவு - அவினாசித் திட்டத்தைச் சொல்கிறார். தலைமுறைகளாகக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கப்பட்டது. செலவு 1,916 கோடி ரூபாய். பவானி ஆற்றின் உபரி நீர் ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே ஏறி 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது. அந்த ஆறில் ஒன்று அன்னூரில்தான் இருக்கிறது. குழாயும் பம்பும் அரசு செலவு.

பெரியவர் விடவில்லை. ‘‘தண்ணி எல்லாருக்கும் பொது. காரு?’’

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மில் அடையாள அட்டை கழுத்தில். யாரையும் கேட்காமல் சுவரோரம் இருந்த 15 ஆம்ப்ஸ் பிளக்கில் சார்ஜரைச் செருகிவிட்டு ஒரு டீ சொன்னார். வாடகை வீடு, மாடியில் இருக்கிறார். வீட்டு ஓனர் கீழே வயர் இழுக்க விடவில்லை. தினமும் ஷிஃப்ட் முடிந்து இங்கே அரை மணி நேரம். ‘‘அண்ணன் பத்து ரூவா வாங்கிக்குவாருங்க. சில நாள் வேண்டாம்ம்பாரு.’’

பெரியவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், எங்கள் காரைப் பார்த்தார். ‘‘இந்தப் புள்ளைக்கு வேணா போட்டுக் குடுக்கலாம்’’ என்றார்.

என் கட்சியும் கிட்டத்தட்ட அதுதான். பக்கத்துக் கேரளத்தில் மின்வாரியமே மின்கம்பங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சார்ஜர்களை மாட்டியது. ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் அது போதும். எங்கள் காருக்கு வேண்டிய பெரிய சார்ஜரில், கம்பியும் டிரான்ஸ்பார்மரும் பொதுச் செலவாக இருக்கட்டும். கார்கள் வராவிட்டாலும் அது ஊரில் வேறொன்றுக்குப் பயன்படும். இ-டிரைவ் விதிகளிலும் இந்தப் பகுதிக்குத்தான் 80% வரை மானியம் உண்டு. யூனிட்டுக்கும் மெஷினுக்கும் காரோட்டிகள் முழு விலை கொடுக்கட்டும். ஆத்தா ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனாலும் சித்தப்பாவால் அது முடியும். நார்வேயும் முதலில் பிரதான சாலைகளில் அரசுப் பணத்தால் வேகச் சார்ஜர்களை வைத்தது, வண்டிகள் பெருகியதும் சந்தை எடுத்துக்கொண்டது. 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார். அன்னூர் நார்வே இல்லைதான். ஆனால், முதல் சில வருடம் யாராவது தாங்க வேண்டும் என்பது இரண்டு ஊருக்கும் பொது.

ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். மெஷின் நட்டதற்கு மட்டும் மானியம் என்று வைக்காமல், ஒரு பங்கை நிறுத்திவைத்து, வருடத்தில் எத்தனை நாள் ஓடியது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். இளநீர்க்காரர் பக்கத்தில் நின்ற இருட்டு மெஷின் எங்களுக்குத் தின்றது இருபது நிமிடம்.

7.25-க்கு 80%. திரையில் பில்: 19 யூனிட், யூனிட்டுக்கு 20 ரூபாய், அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. மொத்தம் 448 ரூபாய் 40 காசு. காருக்கு 5% வரி, அதில் ஊற்றும் கரன்ட்டுக்கு 18%. ‘‘இது எந்த ஊரு நாயம்?’’ என்றார் சித்தப்பா. பேக்கரிக்காரர் டீக்குக் காசு வாங்க மறுத்தார். சித்தி வைத்துவிட்டு வந்தார்.

புளியம்பட்டி, சத்தி எதுவும் கண்ணில் பதியவில்லை. எல்லோரும் கடிகாரத்தையே பார்த்தோம். பண்ணாரி செக்போஸ்ட்டில் மணி 8.42. எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டார்கள். அம்மன் கோயில் பக்கம் திரும்பி ஆத்தா கும்பிட்டது எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. 27 வளைவுகளிலும் சித்தப்பா வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சதவிகிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது நான்தான்.

தாளவாடி போய்ச் சேர்ந்தபோது 18%. மாமா டார்ச்சோடு வாசலில் நின்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்ட கையோடு, ‘‘மாப்ள, வண்டியைக் கெணத்து மோட்டார் ரூம்கிட்ட விடுங்க. அங்க போட்டுக்கலாம், ஃப்ரீ லைன்’’ என்றார்.

சித்தப்பா ஒரு நிமிடம் நின்றார். ‘‘வேண்டாம் மச்சான். வீட்டு மீட்டர்ல ஹீட்டர் பிளக்கு எங்க இருக்குது?’’

மாமாவுக்குப் புரியவில்லை. ‘‘ஏன், அதுக்குக் காசு ஆகுமே?’’

‘‘ஆவட்டும்’’ என்ற சித்தப்பா, டிக்கியில் இருந்து வயரை எடுத்து இருட்டில் பிளக்கைத் தேடப் போனார்.