வீட்டிலிருந்தே டிப்ளோமா: காசு கட்டுறதுக்கு முன்னால இதைப் படிங்க

முருகன் துணை.

வழக்கமா நான் இங்க போடுறது அன்னதானத்துக்குக் காய்கறி யார் வாங்கித் தர்றது, திருவிழா அன்னைக்கு வண்டி எங்க நிறுத்துறது, தொண்டுக்கு யார் எந்த நேரம் வரணும்னு இதுதான். இன்னைக்கு விஷயம் வேற. கொஞ்சம் நீளம். வேலை செஞ்சுகிட்டே படிக்க நினைக்கிற பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா, பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

நம்ம தொண்டர் குழுவுல ஒரு தம்பி இருக்கான். வயசு 27. பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்துல ஷிப்ட் வேலை. வெள்ளிக்கிழமை தவறாம வந்து அன்னதானச் சட்டி கழுவுறவன். திடீர்னு மூணு வாரம் ஆளைக் காணோம். போனும் எடுக்கல. நாலாவது வாரம் வந்தான். பூசை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு குழாயடியில நின்னு என்கிட்ட சொன்னான்.

கைப்பேசியில ஒரு விளம்பரம் பார்த்திருக்கான். வகுப்புக்கு வர வேண்டாம், உங்க வசதிக்குப் படிக்கலாம், 10 மாசத்துல டிப்ளோமா. 4,200 வெள்ளி கட்டியிருக்கான். அவங்க அம்மா சீட்டு எடுத்த காசு. சான்றிதழும் வந்துச்சு, தங்க முத்திரையோட. அதை வெச்சு பதவி உயர்வுக்கு மனு போட்டப்ப, அலுவலகத்துல சரிபார்த்திருக்காங்க. அரசாங்கப் பதிவேட்டுல அப்படி ஒரு படிப்பே இல்ல.

"அண்ணே, அம்மாகிட்ட இன்னும் சொல்லல. வெள்ளிக்கிழமை இங்க வந்தா அம்மா இருப்பாங்க. அவங்க முகத்தைப் பார்க்க முடியல. அதான் வரல."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. ஏன்னா நானும் காசு விட்டவன்தான். இதுவரைக்கும் என் மனைவியைத் தவிர யாருக்கும் சொன்னதில்ல.

கோவிட் நேரத்துல வீட்டுல இருந்தப்ப, தரக் கட்டுப்பாடு பத்தி இணையத்துல ஒரு படிப்புல சேர்ந்தேன். நல்ல படிப்புதான், ஏமாத்து வேலை இல்ல. மாசம் 170 வெள்ளி கார்டுல தானா பிடிப்பாங்க. எப்ப வேணாலும் படிக்கலாம்னு போட்டிருந்தாங்க. எப்ப வேணாலும் படிக்கலாம்னா நமக்கு என்ன ஆகும்? நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ஆகும். தொழிற்சாலை திறந்துச்சு, ஓ.டி. வந்துச்சு. 11 மாசம் காசு போனது, 1,870 வெள்ளி. நான் பார்த்தது நாலே பாடம்.

தம்பி காசு போனது விசாரிக்காம கட்டினதால. என் காசு போனது கட்டிட்டுப் படிக்காம விட்டதால. இந்த ரெண்டு ஓட்டையையும் அடைச்சாலே பாதிக் காசு மிச்சம். மலிவான படிப்பு எதுன்னு தேடுறது அதுக்கு அப்புறம்தான்.

முதல் ஓட்டை. நம்ம நாட்டுல டிப்ளோமா, டிகிரி எது செல்லும்னு பார்க்கிறது எம்.கியூ.ஏ. அவங்க நடத்துற எம்.கியூ.ஆர். பதிவேடு இணையத்துல இருக்கு. யார் வேணாலும் தேடலாம், காசு கிடையாது. நிறுவனத்தோட பேர் மட்டும் இருந்தா போதாது. நீங்க சேரப் போற படிப்போட முழுப் பேரும் அந்த நிறுவனத்தோட பேருக்குக் கீழ இருக்கணும். அங்கீகார எண்ணுல எஃப்.ஏ.ன்னு இருந்தா முழு அங்கீகாரம், பி.ஏ.ன்னு இருந்தா தற்காலிகம். இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம்தான் தம்பிக்கு 4,200 வெள்ளி.

வேலை செய்றவங்களுக்குன்னே நல்ல இடங்கள் நம்ம பக்கத்துலயே இருக்கு. வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோட தலைமை வளாகம் நம்ம ஜார்ஜ்டவுன்லதான், சுல்தான் அகமது ஷா சாலையில. பழைய ஆளுங்க நார்த்தம் ரோடுன்னு சொல்வாங்களே, அங்கதான். கோலாலம்பூர்ல தொடங்கின மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-லிருந்து இருக்கு. சேர்றதுக்கு முன்னால நேர்ல போய் ஒரு கேள்வி கேளுங்க: "ஒரு பாடத்துல தவறிட்டா, திரும்ப எழுத எவ்வளவு?" விளம்பரத்துல அதைப் போட மாட்டாங்க.

அடுத்து, நம்மில் பல பேருக்குத் தெரியாத விஷயம் ஏப்பல். வேலை அனுபவத்தை வெச்சே படிப்புல சேர எம்.கியூ.ஏ. வெச்சிருக்கிற வழி. டிப்ளோமாவுக்கு 20 வயசு, டிகிரிக்கு 21 வயசு ஆகியிருக்கணும், சம்பந்தப்பட்ட வேலை அனுபவம் இருக்கணும். ஒரு தேர்வு எழுதணும், நாம செஞ்ச வேலைக்கெல்லாம் ஆதாரம் சேர்த்து ஒரு கோப்பு கொடுக்கணும். இதுல தேறினா எஸ்.டி.பி.எம்., அடிப்படைப் படிப்புன்னு ஒரு வருஷக் காசும் காலமும் செலவழிக்காம நேரா டிகிரியில சேரலாம். இதுலயே இன்னொரு வகை, நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பாடத்துக்கு மதிப்பெடுத்து விலக்கு கொடுக்கிறது. விலக்கு கிடைச்சா அந்தப் பாடத்துக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டாம். எத்தனை பாடம் வரைக்கும்னு வரம்பு உண்டு. பதிவு செய்யுறதுக்கு முன்னாலேயே கேளுங்க. போர்க்லிப்ட், வெல்டிங் மாதிரி கைவேலைக்காரங்களுக்கு டிப்ளோமாவை விட எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் பொருத்தமா இருக்கும். அதுலயும் அனுபவத்தைக் கணக்கெடுக்கிற வழி இருக்கு.

இப்ப ரெண்டாவது ஓட்டை, என்னோட ஓட்டை. ஒரு கிரெடிட்டுன்னா 40 மணி நேரப் படிப்பு. இது எம்.கியூ.ஏ. வெச்ச கணக்கு. ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட், அப்போ 120 மணி நேரம். 14 வாரம் கொண்ட ஒரு தவணையில ஒரு பாடம் எடுத்தா வாரத்துக்கு எட்டரை மணி நேரம். ரெண்டு எடுத்தா 17. மூணு எடுத்தா 25-க்கு மேல. 12 மணி நேர ஷிப்ட் செஞ்சிட்டு, பாலத்துல நெரிசல் தாண்டி வீடு வர்ற ஆளுக்கு வாரம் 25 மணி நேரம் எங்க இருக்கு? சேர்ந்து கட்டினா தள்ளுபடின்னு மூணு பாடம் எடுத்து, ரெண்டுல தவறி, திரும்பக் கட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். முதல் தவணை ஒரே ஒரு பாடம் எடுங்க. முடிஞ்ச பிறகு கூட்டிக்கலாம். டிப்ளோமா 90 கிரெடிட், அப்போ 30 பாடம். வருஷத்துக்கு ஆறுன்னு முடிச்சாலும் ஐந்து வருஷம் ஆகும். இது தெரிஞ்சு சேருங்க. 10 மாசம்னு எவனாவது சொன்னா, இந்தக் கணக்கை அவன்கிட்ட போட்டுக் காட்டுங்க.

பயமா இருக்கிற பாடத்தை இலவசமாப் படிச்சிட்டு, பிறகு காசு கட்டிச் சேருங்க. எனக்குப் புள்ளியியல்னா நடுக்கம். இந்தியாவுல ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்துற என்.பி.டி.இ.எல். பாடங்கள் யூடியூப்லயே இருக்கு. கான் அகாடமி அதை விட எளிசு. மாசாமாசம் காசு பிடிக்கிற தளத்துல சேர்றதா இருந்தா, முதல்ல பண உதவிக்கு விண்ணப்பிக்க முடியுமான்னு பாருங்க. கோர்செராவுல அந்த வசதி இருக்கு. கார்டு எண் கொடுத்த அன்னைக்கே எப்ப நிறுத்தணும்னு சுவர் நாள்காட்டியில எழுதுங்க. வீட்டுல இணையம் சரியில்லைன்னா கிரீன் லேன்ல பினாங்கு டிஜிட்டல் நூலகம் இருக்கு.

காசு எங்கிருந்து வரும்? முதல்ல வேலை இடத்துல கேளுங்க. பத்து பேருக்கு மேல மலேசியர்கள் வேலை செய்யுற பெரும்பாலான நிறுவனங்கள் பயிற்சி நிதிக்கு மாசாமாசம் சம்பளத்துல 1 விழுக்காடு கட்டுறாங்க. அது நம்மளைப் பயிற்றுவிக்கத்தான். எல்லாப் படிப்புக்கும் கிடைக்காது, ஆனா கேட்காம கிடைக்கவே கிடைக்காது. வருமான வரியில சொந்தப் படிப்புக்கு வருஷம் 7,000 வெள்ளி வரைக்கும் கழிவு உண்டு. டிப்ளோமா, டிகிரின்னா தொழில்நுட்பம், தொழில்துறை, அறிவியல், கணக்கியல் மாதிரி குறிப்பிட்ட துறையா இருக்கணும். கழிவுன்னா கட்டின காசு முழுசா திரும்பி வரும்னு நினைக்காதீங்க. 6 விழுக்காடு வரி கட்டுறவர் 3,600 வெள்ளி கட்டினா, வரியில குறையுறது 216 வெள்ளி.

சேமநிதியை மட்டும் கடைசியா வெச்சுக்குங்க. 2024 மே மாசத்துலருந்து கணக்கு மூணாப் பிரிச்சிருக்காங்க. படிப்புக்கு எடுக்கிறது செஜாத்ரா கணக்குலருந்து. எடுக்கலாம், தப்பில்ல. ஆனா 27 வயசுல எடுக்கிற காசுக்கு முப்பது வருஷ லாப ஈவு போகுது. முதல் ரெண்டு பாடத்தைச் சம்பளத்துல கட்டி முடிச்சுக் காட்டிட்டு, அப்புறம் அதுல கை வைங்க.

அந்தத் தம்பி கதைக்கு வர்றேன். போன வாரம் அம்மாகிட்ட சொல்லிட்டான். நான் கூட நின்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "காசு போச்சுன்னா சம்பாதிக்கலாம்டா. மூணு வாரம் கோயிலுக்கு வராம எங்கடா போய் உட்கார்ந்திருந்த?"ன்னு கேட்டாங்க. அவன் அழுதுட்டான். புகாரும் கொடுத்திருக்கான். காசு வருமான்னு தெரியல.

இப்ப அவன் ஏப்பலுக்கு ஆதாரம் சேர்த்துக்கிட்டு இருக்கான். அவனுக்கு உதவி செய்யப் போய் நானும் உட்கார்ந்துட்டேன். எனக்கு வயசு 54. எஸ்.பி.எம்.ல ரெண்டே கிரெடிட், அப்ப டிப்ளோமாவுக்கு மூணு வேணும். பாயான் லெப்பாஸ்ல 33 வருஷமா வேலை. நான் வேலை பழக்கின ரெண்டு பேர் இன்னைக்கு எனக்கு மேலதிகாரி. அவங்க மேல கோபம் இல்ல, நல்ல பிள்ளைங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்தப் பாரத்துல கல்வித் தகுதின்னு ஒரு கட்டம் வரும். அங்க வந்து என் கை நிக்கும்.

என்னோட பழைய பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் ஒரு மைலோ டின்னுல கிடந்துச்சு. முதலுதவி, தீயணைப்பு, தணிக்கைப் பயிற்சி, 1996-லருந்து. தூக்கிப் போடுறேன்னு வீட்டுல எத்தனையோ தடவை சொன்னாங்க. நல்லவேளை போடல. எண்ணிப் பார்த்தா 19 இருக்கு. கோப்பு போட்டாச்சு. தேர்வு இன்னும் எழுதல.

தனியா இருந்தா நான் மறுபடியும் நாலு பாடத்தோட நின்னுடுவேன்னு எனக்கே தெரியும். அதனால தலைவர்கிட்ட கேட்டேன். மண்டபத்துக்குப் பின்னால இருக்கிற சின்ன அறையை ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிஞ்சு 10 மணியிலருந்து 12 மணி வரைக்கும் தர்றேன்னு சொல்லிட்டார். மேசை, மின்விசிறி இருக்கு. பாடம் நடத்த யாரும் இல்ல. அவங்கவங்க பாடத்தை அவங்கவங்க படிக்க வேண்டியதுதான். வராதவனுக்குப் போன் அடிக்க நான் இருக்கேன். கட்டணம் கிடையாது. இப்போதைக்கு ஐந்து பேர்.

ஏற்கெனவே எங்கயாவது காசு கட்டிட்டு, வெளியில சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க இருந்தா, அவங்கதான் முதல்ல வரணும். இங்க யாரும் எதுவும் கேட்க மாட்டோம். புதுசா சேரப் போறவங்க, கட்டுறதுக்கு முன்னால அந்தப் படிப்போட பேரைக் கொண்டு வாங்க. பதிவேட்டுல சேர்ந்தே தேடுவோம்.

வரும்போது பசியாறிட்டு வாங்க. டீ நான் போடுறேன்.

ஓம் முருகா.