கையுறைக்காரர் வீட்டுக் கணக்கு

இங்கிலாந்தில் ஏவன் நதிக்கரையில் இருக்கும் ஸ்ட்ராட்போர்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் மகனைப் பார்க்கத்தான் போகிறார்கள். மகன், மகாகவி ஷேக்ஸ்பியர். நாம் கொஞ்சம் மாறுதலாக அவருடைய தகப்பனாரைத் தேடிப் போவோம், வாருங்கள்.

தகப்பனார் ஜான் ஷேக்ஸ்பியர் கவிஞர் அல்ல. தோலைப் பதப்படுத்திக் கையுறை தைத்து விற்றவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், தம் தொழிலுக்கு உதவிய கவராயத்தைப் படமாகக் கீறி வைப்பார். அப்படிப்பட்ட ஒரு கடைக்காரரின் சுகதுக்கங்களை நானூறு வருஷங்களுக்குப் பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? ஊர்க் கோயிலின் பதிவேடும் நகர சபையின் கணக்குப் புத்தகமும்தான் வழி.

கடையும் வீடும்

ஜானின் தகப்பனார் பக்கத்திலுள்ள ஸ்னிட்டர்பீல்டு கிராமத்துக் குடியானவர். மகன் ஏர் பிடிக்காமல் தொழில் கற்றுக்கொண்டு பட்டணத்துக்கு வந்துவிட்டார். நகரத் தஸ்தாவேஜுகளில் அவருடைய பிரவேசம் அவ்வளவு கௌரவமானதல்ல. 1552-ல் ஹென்லி தெருவில் கண்ட இடத்தில் குப்பைமேடு போட்டதற்காக அவருக்கு ஒரு ஷில்லிங் அபராதம்!

அந்த ஹென்லி தெரு வீடு இன்று காட்சிசாலையாக இருக்கிறது. மரச் சட்டங்களுக்கு நடுவே மண் பூசிய சுவர்கள், தாழ்ந்த கூரை. கையுறைப் பட்டறையையும் அந்தக் காலத்து மாதிரியாகவே அமைத்துக் காட்டுகிறார்கள். ஆட்டுத் தோலையும் மான் தோலையும் படிகாரமும் உப்பும் சேர்த்து வெள்ளையாகப் பதப்படுத்துவார்களாம். வீட்டு எஜமானி மேரி அந்த நாற்றத்தோடுதான் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும்.

வியாபாரம் செழித்தது. கம்பளி வியாபாரமும் கூடச் சேர்ந்துகொண்டது. குப்பைக்கு அபராதம் கட்டிய மனிதர் 1568-ல் நகர சபைக்கே தலைவரானார்.

பெற்றவள் பெயர் எங்கே?

இனிக் கோயிலுக்குப் போவோம். நதிக்கரையில் ஊசிக் கோபுரத்துடன் நிற்கிறது பரிசுத்த திரித்துவக் கோயில். இருபுறமும் மரங்கள் நிழல் கவிந்த பாதை வாசல் வரையில் அழைத்துச் செல்கிறது.

எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் 1538-ல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வோர் ஊர்க் கோயிலிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இம்மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று. ஸ்ட்ராட்போர்டில் மிஞ்சியிருக்கும் பதிவேடு 1558-லிருந்து தொடங்குகிறது. காகித ஏடுகள் வீணாகின்றன என்று, 1598-ல் எல்லாவற்றையும் தோல் ஏட்டில் பிரதி செய்யச் சொன்னார்கள். ஆகவே நாற்பது வருஷத்துப் பிறப்பும் இறப்பும் பிரதி செய்தவரின் ஒரே சீரான எழுத்தில் வரிசையாக நிற்கின்றன. சந்தோஷமான வரிக்கும் துக்கமான வரிக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

1558 செப்டம்பரில் முதல் குழந்தை ஜோன். 1562 டிசம்பரில் மார்கரெட். அடுத்த ஏப்ரலிலேயே அவளுக்கு அடக்கம். 1564 ஏப்ரல் 26-ல் வில்லியம். அந்த ஜூலையில் ஊரில் கொள்ளைநோய் புகுந்துவிட்டது. அது தொடங்கியதைப் பதிவேடே லத்தீனில் குறிக்கிறது. தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை; தெருவிலோ சாவு! அந்தத் தாய் எத்தனை இரவுகள் தூங்கியிருப்பாளோ?

வில்லியம் பிழைத்தான். பிறகு கில்பர்ட். 1569-ல் மறுபடியும் ஒரு ஜோன்! முதல் ஜோன் இறந்ததற்குப் பதிவேட்டில் வரியே இல்லை. இரண்டாவது பெண்ணுக்கு அதே பெயரை வைத்ததிலிருந்துதான், மூத்தவள் போய்விட்டாள் என்று நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதன் பின் ஆன், ரிச்சர்ட், எட்மண்ட்; ஆக எட்டுக் குழந்தைகள்.

இந்த எட்டு ஞானஸ்நான வரிகளிலும் குழந்தையின் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு. பெற்றவள் பெயர் மட்டும் ஒன்றிலும் கிடையாது! ஜான்-மேரி கல்யாணமோ பதிவேடு தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆகவே மேரியின் பெயர் இந்த ஏட்டில் ஏறுவது ஒரே ஒரு தடவைதான்: 1608 செப்டம்பரில், விதவை என்ற அடைமொழியோடு, அடக்கப் பட்டியலில்.

எட்டுப் பென்ஸ்

1576-க்குப் பிறகு ஜானுக்கு இறங்குமுகம். நகர சபைக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். 1578-ல் மனைவியின் பிறந்த வீட்டு நிலம் 40 பவுனுக்கு அடமானம் போயிற்று. அந்த வருஷம் ஏழைகளின் உதவிக்காக ஒவ்வொரு மூத்த அங்கத்தினரும் வாரம் 4 பென்ஸ் தர வேண்டும் என்று சபை தீர்மானித்தபோது, ஜானுக்கு மட்டும் இன்னொருவரோடு சேர்த்து விலக்கு அளித்தார்கள். பழைய தலைவரிடம் பழைய சகாக்கள் காட்டிய இரக்கம் அது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1579 ஏப்ரலில் ஏழு வயது ஆன் இறந்துபோனாள். கோயில் பதிவேடு அடக்கத் தேதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. நகரக் கணக்குப் புத்தகம் இன்னும் ஒரு விஷயம் சொல்கிறது. ஷேக்ஸ்பியரின் மகளுக்காக மணி அடிக்கவும், பிரேதத்தின் மேல் துணி போர்த்தவும் 8 பென்ஸ் வரவு! வாரம் 4 பென்ஸ் தர முடியாதவர் என்று ஊரே ஒப்புக்கொண்ட மனிதர், குழந்தையை மரியாதையோடு அனுப்ப அதைப்போல் இரண்டு மடங்கு எண்ணி வைத்திருக்கிறார்.

ஜான் 1601 செப்டம்பரில் காலமானார்.

தாமஸ் என்ற பையன்

பிற்பாடு மகன் லண்டனில் சம்பாதித்து ஊரிலேயே பெரிய வீடு வாங்கியது உலகம் அறிந்த கதை. தங்கை ஜோனோ வில்லியம் ஹார்ட் என்ற தொப்பி வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டு, ஹென்லி தெரு வீட்டிலேயே இருந்தாள். 1616-ல் கவி எழுதிய உயிலில் அவளுக்கு 20 பவுனும், தம் துணிமணிகளும், வருஷம் 12 பென்ஸ் வாடகையில் ஆயுள் முழுதும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் கொடுத்தார். அந்த ஏப்ரலில் 17-ந் தேதி ஜோனின் புருஷனுக்கு அடக்கம். 25-ந் தேதி அண்ணனுக்கு.

உயிலில் ஜோனின் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 5 பவுன் உண்டு. ஆனால் ஒரு பையனின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. மாமனுக்கு ஞாபகம் வரவில்லையோ, எழுதியவர் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டாரோ! கோயில் பதிவேட்டில் 1605-ம் வருஷத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது: தாமஸ்.

கவியின் நேர் வாரிசு 1670-ல் பேத்தி எலிஸபெத்தோடு முடிந்துபோயிற்று. அவள் பாட்டனாரின் ஹென்லி தெரு வீடுகளைத் தாமஸின் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தாள். 1806 வரையில் ஹார்ட் குடும்பத்தார் கையிலேயே அந்த வீடு இருந்தது. 1847-ல் ஏலத்துக்கு வந்தபோது பொதுமக்கள் பணம் திரட்டி 3,000 பவுனுக்கு வாங்கினார்கள். அதனால்தான் இன்று நாம் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது.

கையுறைக்காரர் ஜானின் வம்சம் தழைத்தது இறந்த அக்காளின் பெயரைச் சுமந்த ஜோன் வழியாகத்தான். அதுவும் உயிலில் பெயர் விட்டுப்போன தாமஸ் வழியாக. ஸ்ட்ராட்போர்டுக்கு யாராவது போனால், கவியின் சமாதிக்கு ஒரு பூ வைக்கும்போது, மேரிக்கும் ஒரு பூ வையுங்கள்.