சாத்தூரிலிருந்து வேம்பாருக்கு

சாத்தூர்ச் சித்திரை வெயிலைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைப்பாற்றில் தண்ணீருக்குப் பதிலாக மணலே கிடந்தது. பள்ளிக்கூட விடுமுறையாகையால், அந்த ஆறு கடலை நாடிச் செல்லும் திசையில் நாங்களும் பிரயாணமானோம். எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டி வேம்பாரை நெருங்கியதும், கண்ணுக்கெட்டிய தூரம் பனைமரங்களே.

அங்கே ஒரு விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசையில், பனையேறிப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு ஓலைப் பட்டையில் பதநீர் வார்த்து உபசரித்தார். அருந்தியவாறே எங்களில் ஒருவர் திராட்சை மதுவின் கதையைச் சொன்னார். பிரான்ஸ் தேசத்து ரசாயன அறிஞர் ஜூல் ஷோவே (1907–1989), கந்தகம் முதலியவை சேர்க்காமல், இயற்கையான நுண்ணுயிர்களைக் கொண்டே சிவப்பு ஒயினைப் புளிக்கவைக்கும் முறையை வற்புறுத்தியவர்.

பெரியவர் நகைத்தார். "இங்கே ஒன்றும் சேர்க்காமல் விட்டால் கள்ளாகிவிடும், ஐயா! அப்படி ஆகாமல் காப்பதுதான் எங்கள் பாடு."

காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவிக் கலயம் கட்ட வேண்டும். கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பே புளிப்பைத் தடுக்கிறது. குறைந்தால் புளிக்கும், கூடினால் ருசி கெடும். அந்த அளவு பழகிய கைக்குத்தான் தெரியும். தெளிந்த பதநீரை அவருடைய மனைவியார் காய்ச்சிக் கிண்டி, பதம் வந்ததும் சிரட்டைகளில் வார்க்கிறார்.

"சீனி கலந்தால் விறகு மிச்சம், நேரமும் மிச்சம். கலக்காத எங்கள் சரக்குக்கும் வியாபாரி அதே விலைதான் சொல்கிறார்" என்றார் பெரியவர். மகன் சிவகாசியில் அச்சாபீஸ் வேலைக்குப் போய்விட்டானாம். "எனக்குப் பிறகு இந்த மரங்களில் யார் ஏறுவார்?" என்று அவர் கேட்டபோது எங்களுக்குப் பதில் தோன்றவில்லை.

1934-ல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, பனைவெல்லத்தைப் பெரிதும் ஆதரித்தவர். அவர் இறுதிக் காலத்தில் வாழ்ந்த டி. கல்லுப்பட்டி, சாத்தூருக்கு வெகு தூரமில்லை. 1978-ல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. மரத்துக்குக் கௌரவம் கிடைத்தது, ஏறுகிறவருக்குக் கிடைத்ததா?

பேரம் பேசாமல் ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கிவந்தோம். சற்றே உப்புக் கரிக்கும் அந்த இனிப்பு, மறுநாள் எங்கள் வீட்டுக் காப்பியில் தனியாகத் தெரிந்தது. கடையில் கருப்பட்டி வாங்கும் சகோதரிகள் விலையைக் கேட்குமுன், "சீனி கலந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்பார்களாக. அந்தப் பெரியவருடைய நாணயத்துக்கு அதுவே நாம் செய்யும் மரியாதை.